படுக்கையறைச் சுவரில் விதவிதமாகப் பூஞ்சை: எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

செம்பருத்தி · நவம்பர் 21, காலை 10.12

தாம்பரம் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். இந்த மழையில் ஒரே படுக்கையறைக்குள் பல தினுசாகப் பூத்திருக்கிறது.

வெளிச்சுவரும் மேல்தளமும் சேரும் மூலையில் கரும்பச்சைப் புள்ளிகள். துடைத்தால் துணியில் கரியாக ஒட்டுகிறது, சில நாளில் மறுபடி வருகிறது. அதே சுவரின் அடியில், முழங்கால் உயரம்வரை, வெள்ளைவெளேரென்று பஞ்சுபஞ்சாக ஒன்று. அங்கே பெயிண்ட் பொருக்குவிட்டு உதிர்கிறது. குளியலறைச் சுவரை ஒட்டி நிற்கும் மர அலமாரியின் முதுகுப் பலகையில் சாம்பலும் ஆலிவ் பச்சையும் கலந்த ரோமப் படலம், நடுநடுவே நல்ல கறுப்பு, கதவைத் திறந்தால் மண்வாடை. உள்ளே தொங்கிய தோல் பெல்ட்டிலும் கைப்பையிலும் வெளிர்பச்சைத் தூள்.

என் தம்பி ஓர் அமெரிக்கக் காணொளியைப் பார்த்துவிட்டு, இது விஷக் கறுப்புப் பூஞ்சை, உடனே வீட்டைக் காலிசெய் என்கிறான். வீட்டு உரிமையாளர், பொங்கலுக்கு ஒரு கோட் பெயிண்ட் அடித்தால் போய்விடும் என்கிறார். மகளுக்கு ஏழு வயது, வீசிங் உண்டு. அறைக் காற்றைச் சோதித்து அறிக்கை தர ஒரு நிறுவனம் 12,000 ரூபாய் கேட்கிறது. செய்யலாமா?

முதல்தளம் · நவம்பர் 21, காலை 10.40

பெயர் தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள் அம்மா? பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் துடையுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்த 12,000 ரூபாயில் வீடு முழுவதும் பெயிண்ட் அடித்துவிடலாம். எங்கள் காலத்தில் பூஞ்சைக்கு யாரும் பெயர் வைத்துக் கூப்பிட்டதில்லை.

கரணை · நவம்பர் 21, காலை 11.25

கட்டட வேலை பார்ப்பவன். முதலில் கணக்கிலிருந்து ஒன்றைக் கழித்துவிடுவோம். அடிச்சுவரில் இருக்கும் வெள்ளை, பூஞ்சையே அல்ல. அது உப்பு.

செங்கல்லிலும் மணலிலும் நிலத்தடி நீரிலும் இருக்கும் உப்பு, ஈரத்தோடு சுவருக்குள் ஏறுகிறது. நீர் ஆவியானதும் உப்பு மேற்பரப்பில் பூத்து நின்றுவிடுகிறது. கொஞ்சம் சுரண்டித் தண்ணீரில் போடுங்கள். உப்பென்றால் கரைந்துவிடும், பூஞ்சையென்றால் நனைந்து சுருண்டு கிடக்கும். சுண்ணாம்பாக இறுகிப் போயிருந்தால் கரையாது, ஆனால் ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும். விரலால் நசுக்கினால் நறநறவென்று இருப்பதும் உப்புக்கு அடையாளம்.

முழங்கால் உயரம் என்று நீங்கள் சொன்னதே பாதித் துப்பு. தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் நின்றுவிடும். அடித்தளத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் தடுக்க டி.பி.சி. என்று ஓர் அடுக்குப் போடுவோம். ஒன்று அதைச் சரியாகப் போட்டிருக்க மாட்டார்கள், அல்லது வெளியே மண்ணையும் சிமென்டையும் கொட்டி மேடாக்கி அந்த அடுக்கையே புதைத்திருப்பார்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு உயர்த்தும் நம் ஊர் வழக்கத்தில் இரண்டாவதுதான் அதிகம். கட்டடத்தை வெளியே சுற்றிப் பாருங்கள், வெளித்தரை உங்கள் அறைத் தரையைவிட உயரமாக இருக்கிறதா என்று.

அதன்மேல் வாட்டர் புரூஃப் பெயிண்ட் அடிப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. நீர் வெளியேற வழியில்லாமல் உப்பு பெயிண்ட்டுக்குப் பின்னால் பூக்கும், அடுத்த மழையில் கொப்புளம் போடும். உரிமையாளருக்கு ஒரு கோட் பெயிண்ட் செலவு மிச்சம் என்று சொல்லுங்கள்.

மூலையில் இருக்கும் கரும்பச்சையும் அலமாரியும் பூஞ்சைதான். அதை இந்த மன்றத்தில் நுண்ணோக்கி என்ற பெயரில் எழுதுபவர் வந்து சொல்லட்டும்.

நுண்ணோக்கி · நவம்பர் 21, மாலை 6.05

கரணை உப்பைப் பற்றிச் சொன்னது சரி. மற்ற மூன்றுக்கும் வருகிறேன்.

முதல்தளம் ஐயா கேட்டது நியாயமான கேள்வி. எந்தப் பூஞ்சையானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஈரத்தை நிறுத்து, பூஞ்சையை அகற்று. ஆனால் எது வளர்ந்திருக்கிறது என்று தெரிந்தால், அங்கே எவ்வளவு ஈரம் இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது என்று ஊகிக்கலாம். கல்லூரியில் மாணவர்களுக்கு நான் பூஞ்சைகளை நிறத்தை வைத்துப் பிரித்துச் சொல்வதில்லை, தாகத்தை வைத்துத்தான்.

குறைந்த தாகம் உள்ளவை காற்றின் ஈரத்திலேயே பிழைத்துக்கொள்ளும். ஒரு பொருளின் மேற்பரப்பில் ஈரப்பதம் 75 முதல் 80 சதவீதம் இருந்தாலே ஆஸ்பர்ஜிலஸ் கிளாக்கஸ் கூட்டம், ஆஸ்பர்ஜிலஸ் வெர்சிகலர், பெனிசிலியத்தில் சில இனங்கள் முளைத்துவிடும். தோல், புத்தக அட்டை, மரப்பெட்டி, இசைக்கருவியின் உறை இவற்றின் மேல் வரும் வெளிர்பச்சை, சாம்பல்பச்சைத் தூள் பெரும்பாலும் இவைதான். உங்கள் பெல்ட்டும் கைப்பையும் இந்த வகை. மழைக்கால அலமாரிக்குள் காற்றோட்டம் இல்லை என்பதற்கு மேல் இதில் செய்தி கிடையாது.

அடுத்தது நடுத்தரத் தாகம், சுமார் 80 முதல் 90 சதவீதம். இங்கே அரசன் கிளாடோஸ்போரியம். ஆலிவ் பச்சையிலிருந்து கரும்பழுப்பு வரை இருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பாகவே தெரியும். முதலில் தனித்தனிப் புள்ளிகளாக வந்து பிறகு ஒன்றோடொன்று சேரும். ஜன்னல் சட்டம், பெயிண்ட் அடித்த சுவர் மூலை, ஏசியின் காற்று வரும் பட்டைகள், குளிர்பதனப் பெட்டிக் கதவின் ரப்பர் என்று நீர் பனித்துத் துளிர்க்கும் இடமெல்லாம் அதன் இடம். வெளிக்காற்றிலும் உலகெங்கும் அதிகம் மிதப்பதில் இதுவும் ஒன்று. உங்கள் மூலைப் புள்ளிகளின் மேல் எனக்கு வரும் முதல் சந்தேகம் இதுதான். ஆல்டர்னேரியாவும் இதே வரிசையில் வரும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், குளியலறை ஜன்னல் விளிம்பில் கரும்பழுப்பு வெல்வெட்டாகப் படரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒவ்வாமை தருவதில் பேர்போனது.

மூன்றாவது கூட்டத்துக்குக் காற்றின் ஈரம் போதாது. 90 சதவீதத்துக்கு மேல், அதாவது பொருளே நனைந்து கிடக்க வேண்டும். ஸ்டாக்கிபோட்ரிஸ், கீட்டோமியம், டிரைக்கோடெர்மா மூன்றும் இங்கே வரும். மூன்றும் மரநார், காகிதம், அட்டை தின்பவை. டிரைக்கோடெர்மா வெள்ளையாகத் தொடங்கிப் பச்சைத் திட்டுகளாக மாறும். கீட்டோமியம் வெள்ளைப் பஞ்சாகத் தொடங்கிச் சாம்பல், ஆலிவ் என்று முதிரும், மண்வாடை தூக்கலாக வரும். ஸ்டாக்கிபோட்ரிஸ் கரும்பச்சை கலந்த கறுப்பு, ஈரமாக இருக்கையில் வழவழப்பு, காய்ந்தால் புகைக்கரி. உங்கள் அலமாரி முதுகில் இந்தக் கூட்டத்தில் ஒன்று இருந்தால், பின்னால் உள்ள சுவரில் நீர் கசிகிறது என்று பந்தயம் கட்டுவேன்.

ஆகவே கறுப்பு என்ற நிறம் ஒன்றையும் நிரூபிக்காது. வெங்காயத் தோலுக்கடியில் பார்க்கிறோமே கறுப்புத் தூள், அது ஆஸ்பர்ஜிலஸ் நைஜர் வகை. அதைக் கழுவிவிட்டுச் சாம்பார் வைக்கிறோம்.

செம்பருத்தி · நவம்பர் 21, இரவு 8.50

மிக்க நன்றி. சுரண்டிப் போட்டேன், கரைந்துவிட்டது. வெளித்தரை அறைத் தரையைவிட ஒரு சாண் உயரம். தம்பிக்கு இன்னும் சமாதானம் இல்லை. 2021-இல் கோவிட் நோயாளிகளுக்கு வந்த கறுப்புப் பூஞ்சையும் இதுவும் ஒன்றா என்று கேட்கிறான். எனக்கும் அந்தப் பயம் உள்ளுக்குள் இருக்கிறது.

நுண்ணோக்கி · நவம்பர் 21, இரவு 9.30

வேறு வேறு. அது மியூக்கார்மைகோசிஸ். ரைசோபஸ் போன்ற மியூக்கரேல்ஸ் வரிசைப் பூஞ்சைகளால் வருவது. கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும் ஸ்டீராய்டு சிகிச்சையும் சேர்ந்தபோது அது உடலுக்குள் புகுந்தது. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு மே மாதம் அதை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக்கினார்கள். திசு செத்துக் கறுத்துப் போவதால் அந்தப் பெயர் வந்தது, பூஞ்சையின் நிறத்தால் அல்ல. உங்கள் சுவர் மூலைப் புள்ளிகளுக்கும் அதற்கும் உறவில்லை.

தம்பி பார்த்த காணொளி ஸ்டாக்கிபோட்ரிஸ் பற்றியதாக இருக்கும். அதற்கு ஒரு கதை உண்டு. 1837-இல் பிராக் நகரில் ஒரு வீட்டுச் சுவர்க் காகிதத்தில் வளர்ந்ததைப் பார்த்து கோர்டா என்பவர் முதலில் விவரித்தார். அப்புறம் நூற்றைம்பது ஆண்டு வரை அதை வீட்டுப் பேயாக யாரும் பார்க்கவில்லை. 1993, 94-இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் பல கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் இரத்தக்கசிவு ஏற்பட்டது. நீர் புகுந்து நனைந்த வீடுகளில் இருந்த இந்தப் பூஞ்சை மேல் பழி விழுந்தது. செய்தித்தாள், வழக்கு, காப்பீடு என்று ஊரே பற்றிக்கொண்டது. அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்த ஆய்வை மறுபடி பரிசீலித்து, தொடர்பு நிறுவப்படவில்லை என்று 2000-இல் அறிவித்தது. அந்த அறிவிப்பு பழியளவுக்குப் பரவவில்லை.

அதற்காக அது சாது என்று சொல்லவில்லை. நச்சுகளை உண்டாக்கக்கூடியதுதான். ஆனால் வீசிங் உள்ள குழந்தைக்கு ஈர வீடே கெடுதல், அதில் எந்தப் பூஞ்சை இருந்தாலும். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியின் சாரமும் இதுதான்: ஈரமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் ஆஸ்துமாத் தொல்லை கூடுகிறது, ஆனால் காற்றில் இத்தனை வித்துகள் (பூஞ்சை பரவும் நுண்துகள்கள்) வரை பாதுகாப்பு என்று ஓர் எண்ணைச் சொல்ல முடியாது.

அந்த எண் இல்லை என்பதால்தான் 12,000 ரூபாய்ச் சோதனை வேண்டாம் என்கிறேன். எதோடு ஒப்பிட்டு அறிக்கை எழுதுவார்கள்? அதே நேரத்தில் வெளிக்காற்றையும் எடுத்து ஒப்பிட வேண்டும், பலர் எடுப்பதில்லை. காற்றில் பிடித்த ஆஸ்பர்ஜிலஸ் வித்தையும் பெனிசிலியம் வித்தையும் நுண்ணோக்கியில் பார்த்துப் பிரிக்கவே முடியாது, இரண்டையும் ஒரே கணக்கில்தான் போடுவார்கள். ஸ்டாக்கிபோட்ரிஸ் வித்துகள் பிசினில் ஒட்டிக் கிடப்பதால் காற்றுச் சோதனையில் சிக்காமலும் போகலாம். ஆக, பயந்தது இல்லையென்று அறிக்கை வரும், சுவரில் அது இருக்கும்.

முதல்தளம் · நவம்பர் 22, காலை 7.15

இத்தனை படித்த பிறகும் கேட்கிறேன். தாகத்தை வைத்து ஈரத்தை ஊகிக்க வேண்டுமா? ஈரத்தை நேராகப் பார்த்துவிட்டால் பூஞ்சையின் ஜாதகம் எதற்கு?

கரணை · நவம்பர் 22, காலை 8.02

ஐயா சொல்வதில் நான் பாதிக் கட்சி. ஈரத்தை நேராகவே பார்க்கலாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு விளிம்பையும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு முழு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் அறைப் பக்கம் பனித்திருந்தால் அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. முன்னதற்குக் குழாய்க்காரரும் கொத்தனாரும் வேண்டும், பின்னதற்கு ஜன்னலும் மின்விசிறியும் போதும்.

ஆனால் கசிவு விட்டுவிட்டு வந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும். காலையில் மட்டும் குளிக்கும் வீட்டில் சுவர் மாலைக்குள் காய்ந்ததுபோல் காட்டும். அந்த இடத்தில் பூஞ்சையின் ஜாதகம் உதவும் என்று ஒத்துக்கொள்கிறேன்.

ஜூரோங் மாறன் · நவம்பர் 22, காலை 9.48

அக்கா, இரவில் ஏசி போடுகிறீர்களா? சிங்கப்பூரில் இந்த மூலைப் புள்ளிகளை வீட்டுக்கு வீடு பார்த்திருக்கிறேன். இரவு முழுவதும் 22 டிகிரியில் ஏசி ஓடும். காலையில் அணைத்துவிட்டு, நல்லது என்று நினைத்து உடனே ஜன்னல்களைத் திறப்பார்கள். வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் அந்தக் காற்று சுமார் 25 டிகிரிக்குக் கீழே உள்ள எதன்மேல் பட்டாலும் பனிக்கும். சுவர் இன்னும் 22, 23-இல் இருக்கும். தினமும் கிளாடோஸ்போரியத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வேலைக்குப் போகிறார்கள்.

ஏசி அறைக்கு அடுத்த அறையின் சுவரிலும் இதே கதை நடக்கும். பூஞ்சை இருக்கும் அறையில் ஏசியே இருக்காது, எங்கிருந்து ஈரம் வந்தது என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். ஏசியை 25-இல் வைத்துப் பாருங்கள். அணைத்த பின் மின்விசிறியை அரை மணி ஓடவிட்டுச் சுவர் சூடேறிய பிறகு ஜன்னலைத் திறங்கள்.

செம்பருத்தி · நவம்பர் 22, காலை 10.30

22-இல்தான் வைக்கிறோம். காலையில் முதல் வேலை ஜன்னலைத் திறப்பதுதான்.

அலமாரிப் பூஞ்சையை நுண்ணோக்கியில் பார்க்க வழி உண்டா? என் தோழி ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள்.

நுண்ணோக்கி · நவம்பர் 22, பகல் 1.20

உண்டு, செலவும் அதிகமில்லை. கண்ணாடிபோல் தெளிந்த செல்லோ டேப்பை இரண்டு அங்குலம் வெட்டிப் பூஞ்சையின் ஓரத்தில் மெதுவாக ஒட்டி எடுங்கள். நடுவில் எடுத்தால் வித்துக் குவியல் மட்டும் வரும், அமைப்பு தெரியாது. ஸ்லைடில் லாக்டோஃபீனால் காட்டன் புளூ என்ற நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு அதன்மேல் டேப்பை ஒட்டி, 400 மடங்கில் பாருங்கள். முகக்கவசம் போடாமல் எடுக்க வேண்டாம், அப்போது மின்விசிறியும் ஓடக்கூடாது.

என்ன தெரியும் என்று சொல்கிறேன். கிளாடோஸ்போரியத்தில் பழுப்பு வித்துகள் கிளைவிட்ட சங்கிலிகளாக இருக்கும், டேப்பில் சங்கிலி அறுந்துவிடுவதால் வெவ்வேறு அளவு வித்துகள் சிதறித் தெரியும், முனைகளில் கருந்தழும்பு இருக்கும். ஆஸ்பர்ஜிலஸ் என்றால் காம்பின் நுனி உருண்டையாகப் பருத்து, அதைச் சுற்றி வித்துச் சரங்கள் நிற்கும். பெனிசிலியத்துக்கு உருண்டை கிடையாது, நுனி தூரிகையாகப் பிரியும். ஆல்டர்னேரியாவை முதல் பார்வையிலேயே சொல்லிவிடலாம். அதன் வித்து பெரியது, குறுக்கும் நெடுக்கும் தடுப்புச் சுவர்களோடு கதாயுதமாக இருக்கும். கீட்டோமியத்தில் முடி சூழ்ந்த கறுத்த உருண்டைகள், அவற்றுக்குள்ளிருந்து எலுமிச்சை வடிவில் பழுப்பு வித்துகள். ஸ்டாக்கிபோட்ரிஸில் காம்பின் தலையில் கறுத்த நீள்வட்ட வித்துகள் பிசினோடு கொத்தாக ஒட்டியிருக்கும்.

ஒரே டேப்பில் இரண்டு மூன்று சேர்ந்து வருவது சாதாரணம்.

ஊட்டிக்காரன் · நவம்பர் 22, மாலை 4.11

எங்கள் வீட்டு வெளிச்சுவரில் வருடம் முழுவதும் பச்சையும் கறுப்பும், சில இடத்தில் செங்காவி நிறமும் படர்கிறது. குளியலறைத் தரையில் இளஞ்சிவப்பாக ஒரு வழவழப்பு. இவையும் இந்தப் பட்டியலில் வருமா?

நுண்ணோக்கி · நவம்பர் 22, மாலை 5.00

பெரும்பாலும் வராது. வெளிச்சுவரில் வெயில் படும் இடத்தில் படரும் பச்சையும் கறுப்பும் பெரும்பாலும் பாசியும் நீலப்பச்சைப் பாக்டீரியாவும். செங்காவி, டிரென்டிபோலியா என்ற பாசியாக இருக்கலாம், மலைப்பகுதிகளில் ஏராளம். பாசிக்கு வெளிச்சம் வேண்டும், பூஞ்சைக்கு வேண்டாம். அலமாரி முதுகில் பாசி வளராது. குளியலறை இளஞ்சிவப்பு பெரும்பாலும் செராஷியா மார்சசென்ஸ் என்ற பாக்டீரியா, சோப்பு எச்சத்தில் வளர்வது. தேய்த்துக் கழுவித் தரையைக் காயவிட்டால் போதும். ஓடுகளின் இடுக்கிலும் சிலிக்கான் பூச்சிலும் கறுத்திருப்பது மட்டும் பூஞ்சை, அது பலநேரம் ஆரியோபசிடியம். முதலில் வெளிர்நிறமாகவோ இளஞ்சிவப்பாகவோ வந்து பிறகு கறுக்கும்.

செம்பருத்தி · நவம்பர் 25, மாலை 6.40

தோழி பார்த்துச் சொன்னாள். மூலையில் கிளைவிட்ட சங்கிலிகள், கருந்தழும்பு. அலமாரிப் பலகையில் முடி சூழ்ந்த உருண்டைகளும் எலுமிச்சை வித்துகளும், கூடவே பெனிசிலியத் தூரிகைகள். கொத்தாகப் பிசினோடு எதுவும் கண்ணில் படவில்லை. உரிமையாளரிடம் சொன்னேன். பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்கிறாரே தவிர, குளியலறைச் சுவரை உடைக்க ஒப்பவில்லை.

கரணை · நவம்பர் 25, இரவு 7.30

கீட்டோமியம் என்றால் கசிவுதான். குளியலறையில் சுவருக்குள் போகும் குழாயில் இணைப்பு விட்டிருக்கலாம், அல்லது ஓடுகளின் இடுக்குச் சிமென்ட் போயிருக்கலாம். சுவரை உடைப்பதற்கு முன் எளிய வழி ஒன்று: இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரையோ தொட்டி நீர்மட்டத்தையோ குறித்துவையுங்கள். விடிவதற்குள் குறைந்திருந்தால் அழுத்தக் குழாயில் கசிவு. குறையாமல், குளித்த நாளில் மட்டும் சுவர் ஈரமானால் ஓட்டு இடுக்கு அல்லது வடிகால். இடுக்கைப் பூசுவதற்கு ஒரு நாள் வேலைதான், அதற்கு அவர் மறுக்க மாட்டார்.

முதுகுப் பலகையைக் காப்பாற்ற முயல வேண்டாம். நனைந்து உப்பிய எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகைக்குள் பூஞ்சை இழை ஓடியிருக்கும், துடைத்துப் பயனில்லை. கழற்றிப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வெளியேற்றுங்கள். புது அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி நிறுத்துங்கள்.

நம் முன்னோர் ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடித்ததற்கு இதிலும் பலன் இருந்தது. சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை லேசில் வளராது. பட்டி பார்த்து எமல்ஷன் அடித்த சுவர் அழகுதான், ஆனால் அதன்மேல் படியும் தூசியும் பெயிண்டில் உள்ள சேர்மானமும் அதற்குச் சாப்பாடு.

குரோய்டன் பவானி · நவம்பர் 26, அதிகாலை 2.15

யாழ்ப்பாணத்துக்காரி, இருப்பது லண்டனில். பெயிண்ட் அடித்தால் போய்விடும் என்ற பதிலை வாசித்ததும் எழுதத் தோன்றியது. இங்கே ரோச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டில் இருந்த பூஞ்சணத்தைப் பற்றி 2017-இல் தகப்பன் முறையிட்டபோது, அதன்மேல் பெயிண்ட் அடிக்கும்படி வீட்டை வாடகைக்கு விட்ட அமைப்பினர் சொல்லியிருந்தார்கள். நீண்டகாலம் பூஞ்சணத்தில் இருந்ததால் வந்த சுவாச நோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அதன்பின் 2023-இல் வந்த சட்டத்தில், சமூக வீடுகளின் (குறைந்த வாடகைக்கு விடப்படும் பொது வீடுகளின்) உரிமையாளர்கள் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் குறித்த காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்று சேர்த்தார்கள். அந்த விசாரணையில் அது எந்த நிறம் என்று யாரும் வாதாடவில்லை, ஏன் காற்றோட்டம் இல்லை, ஏன் சரிசெய்யவில்லை என்றுதான் கேட்டார்கள்.

பயமுறுத்த எழுதவில்லை, தங்கச்சி. பிள்ளையை இப்போதைக்கு வேறு அறையில் படுக்க வையுங்கள். வீசிங் மருந்து எழுதும் மருத்துவரிடம் வீட்டு ஈரத்தைப் பற்றியும் சொல்லுங்கள்.

முதல்தளம் · நவம்பர் 26, காலை 7.05

தமிழ்நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், 2019-இலிருந்து நடைமுறையில் உள்ளது. கட்டமைப்புப் பழுது, குழாய் மாற்றுவது, சுவருக்கு வெள்ளையடிப்பது எல்லாம் உரிமையாளர் பொறுப்பு என்று அதன் அட்டவணையில் இருக்கிறது, வாடகைதாரர் கெடுத்தது தவிர. நாளிட்ட படங்களோடு எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

பிளீச்சிங் பவுடரை நான் இன்னும் விடவில்லை.

நுண்ணோக்கி · நவம்பர் 26, காலை 8.30

விட வேண்டாம் ஐயா, ஆனால் முதல் ஆயுதமாக்க வேண்டாம். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்துவதே மூலைப் புள்ளிகளுக்குப் போதும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்து அறை முழுவதும் பறக்கும். பிளீச் நிறத்தைப் போக்கும், செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும், ஆகவே வெளுத்தால் மட்டும் போதாது, துடைத்து எடுக்க வேண்டும். பூஞ்சையா புகைக்கரியா என்று சந்தேகம் வந்தால் மட்டும் ஒரு சொட்டு பிளீச் கரைசல் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் பெரும்பாலும் பூஞ்சை, கறுப்பாகவே நின்றால் கரி.

கழிவறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே பக்கெட்டில் கலக்கவே கூடாது. குளோரின் வாயு வரும். மூன்றடிக்கு மூன்றடிக்கு மேல் படர்ந்திருந்தால் நீங்களே இறங்காமல் ஆள் வையுங்கள். மகள் அந்த நேரம் வீட்டில் இருக்கக்கூடாது.

ஊட்டிக்காரன் · நவம்பர் 26, காலை 9.12

கடைசியாக ஒன்று. கேமரா லென்சுக்குள் சிலந்தி வலையாக வருகிறதே, அது?

நுண்ணோக்கி · நவம்பர் 26, காலை 9.40

முதல் கூட்டம், குறைந்த தாகக்காரர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், தோல் உறையை மட்டும் உள்ளே போடாதீர்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி ஈரம் போக்கி மறுபடி போடுங்கள். வலை ஏற்கெனவே கண்ணாடிப் பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் இருக்கும்.